அப்பா படித்துக் காட்டிய கடிதங்கள்

அப்பாவின் வலது கை ஆள்காட்டி விரலில் நகம் பாதி கறுத்திருக்கும். பாக்டரியில் பிரஸ் மெஷினில் ஒருமுறை நசுங்கியது. புது நகம் முளைத்த பிறகும் அந்தக் கறுப்பு போகவில்லை. 1991-இல் நான் இரண்டாம் வகுப்பு. அந்த விரல்தான் எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது. கதைப் புத்தகத்தின் வரிக்கு அடியில் அது மெல்ல நகரும். எந்தச் சொல்லுக்குக் கீழே நிற்கிறதோ அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எனக்கு ஞாபகம் அதிகம், பொறுமை குறைவு. நேற்றுக் கேட்ட கதையை இன்று புத்தகத்தைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிப்பேன். விரல் நின்றுவிடும். "வாயால படிக்காத பாப்பா, கண்ணால படி. அதுல இன்னா எழுதிக்கீதோ அத மட்டும் படி" என்பார். அந்த வார்த்தையை வேதவாக்காக நம்பினேன். நம்பி ஏமாந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறிப்போன மாதிரி எழுத எனக்கு வராது.

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. இப்போது தெருமுனையிலேயே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கின்றன. அன்றைக்கு ஏரியும் நெல்லும்தான். அப்பா எட்டாவது வரை படித்தவர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த ஒரு பாக்டரிக்கு சைக்கிளில் போய் வந்தார். எங்கள் வகையறாவில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வருஷம் ஆனி மாதம் அம்மாவுக்கு இருமல் நிற்காமல் போய், எச்சிலில் ரத்தம் வந்தது. டிபி என்றார்கள். தெருவில் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறிப் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஆறு மாதமாவது அங்கேயே தங்கி மருந்து சாப்பிட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். அம்மா போகும்போது எனக்கு 'அ' முதல் 'ஔ' வரைதான் தெரியும். அதற்கு மேல் சொன்னால் திருதிருவென்று விழிப்பேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பக்கத்து வீடு. சோறு அங்கே, தூக்கம் எங்கள் வீட்டில். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கெல்லாம் சேர்த்து வாய் இருந்தது.

ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார். தினமும் அரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் படியுங்கள், பாடப் புத்தகம் வேண்டாம், கதைப் புத்தகம் படியுங்கள் என்றார். வந்தவர்கள் சிரித்தார்கள். "அதுக்குத்தான டீச்சர் உங்கிட்ட அனுப்பறோம்" என்று ஒருவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் டீச்சரிடம் போய் நின்று, பள்ளிக்கூட டிரங்குப் பெட்டியிலிருந்த இரண்டு புத்தகங்களைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா இல்லாத குறையை அதனால் அடைத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. காலை ஷிப்ட் என்றால் சாயங்காலம் வந்து, கை கால் கழுவி, அத்தை கொடுத்த டீயைக் குடித்துவிட்டு உட்காருவார். மத்தியான ஷிப்ட் வாரத்தில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் உட்காருவோம். ஷிப்ட் மாறும், புத்தகம் மாறும், அரை மணி நேரம் மாறாது.

சந்தைக்குத் தானே உருண்டு போன ஒரு பூசணிக்காயின் கதை எனக்கு உயிர். பூசணிக்காய் பேசும் இடமெல்லாம் அப்பா தன் சூப்பர்வைசர் குரலில் படிப்பார்: "ஓரமா போ, ஓரமா போ, டைம் ஆவுது." நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ கதை" என்று கத்துவாள். ஆனால் கதை முடிகிறவரை பாத்திரம் தேய்க்கும் சத்தமே கேட்காது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆவணிக்குள் நான் சின்னச் சொற்களைக் கூட்டிவிட்டேன். புரட்டாசியில் ஒரு முழு வரி. உலகத்திலேயே என் அப்பாதான் கெட்டிக்காரர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தெருவும் அப்படித்தான் நினைத்தது. கடிதம் வந்தால் எங்கள் வீட்டுக்குத்தான் எடுத்து வருவார்கள். கடிதம் படிப்பதற்கு எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கெட்ட சேதியைக் காகிதத்திலிருந்து படிக்கக் கூடாது. ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். லாரி ஓட்டப் போன மகனுக்குக் கால் முறிந்துவிட்டது என்று ஒரு அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அப்பா படித்தது, "லேசா அடி பட்டுக்கீதாம், ஆத்தா. மருந்து போட்டுக்கினு கீறானாம்." அன்று அந்த அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுநாள் அப்பா அவளுடைய தம்பியைத் தேடிப் போய் உள்ளதைச் சொல்லி, இரண்டு பேருமாக அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, சேதியைச் சொல்லி, பஸ் ஏற்றிவிட்டார்கள். அப்பா எதையும் இரண்டு நாளுக்கு மேல் மறைத்ததில்லை. அதனால் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. பக்குவம் என்றுதான் சொன்னார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்குவத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டவள்தான்.

அம்மாவிடமிருந்து மாதத்துக்கு இரண்டு நீலக் கடிதமாவது வரும். கதை படிக்கும்போது பக்கத்தில் உட்காரும் அப்பா, கடிதம் படிக்கும்போது எதிரில் உட்காருவார். காகிதத்தின் முதுகுதான் எனக்குத் தெரியும். அது ஏன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. "பாப்பா சமத்தா இருக்கணும். அழக் கூடாது. நல்லா படிக்கணும். தீவாளிக்கு வந்துடுவேன்" என்று படிப்பார். தீபாவளி வந்தது, அம்மா வரவில்லை. அடுத்த கடிதத்தில் கார்த்திகைக்கு வருவதாக எழுதியிருந்தாள். அதாவது, எழுதியிருப்பதாக அப்பா படித்தார். படித்து முடித்ததும் அந்தக் கடிதத்தை உத்தரத்தில் தொங்கிய கம்பியில் குத்திவிடுவார். கரண்டு பில், ரேஷன் ரசீது எல்லாம் அதே கம்பியில்தான்.

பதில் எழுதும்போது மடியில் பலகையை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு இன்னா எழுதணும், சொல்லு" என்பார். நான் மூச்சு விடாமல் சொல்வேன். பல் விழுந்தது, கோழி ஒன்பது குஞ்சு பொரித்தது, பூசணிக்காய் கதை முழுதும் தெரியும், எனக்கு உன்னைப் பார்க்கணும், எப்போ அப்பா கூட்டிக்கொண்டு வருவார் என்று எல்லாம் சொல்வேன். அவர் எழுதிவிட்டு நான் சொன்னதை அப்படியே திருப்பிப் படித்துக் காட்டுவார். ஒரு சொல் குறையாது. நான் சந்தோஷமாக எச்சில் தொட்டு மடிப்பை ஒட்டிக் கொடுப்பேன். அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்று கேட்டால் மட்டும், "அங்க கொழந்தைங்கள உடமாட்டாங்க பாப்பா" என்பார். அவர் மட்டும் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வருவார். வரும்போது எனக்கு ஒரு கடலை மிட்டாய் பொட்டலம். அம்மா கொடுத்தனுப்பினாள் என்பார்.

கார்த்திகை மாதம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அப்பா காலை ஷிப்ட். மத்தியானம் குடையைச் சாய்த்துக்கொண்டு தபால்காரர் வந்து நீலக் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கடிதத்தை நானே படித்து, அப்பா வந்ததும் அசத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஓரத்தை ஈரம் படாமல் கிழித்தேன். அம்மாவின் எழுத்து உருண்டை உருண்டையாக இருக்கும். கறுத்த நகம் இல்லாத என் சின்ன விரலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முழுதும் படிக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஆனால் அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

"இங்கு நான் சுகம். அங்கு உங்கள் சுகத்துக்கும் பாப்பா சுகத்துக்கும் எழுதவும். பாப்பா என்னைக் கேட்பதே இல்லை, இந்த நோய் என்றால் அவளுக்குப் பயம், அங்கே வரமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பயப்படட்டும். குழந்தைதானே. ஆனால் ஒரே ஒரு தடவை கூட்டி வாருங்கள். உள்ளே வர வேண்டாம். கேட்டுக்கு வெளியே நின்றால் போதும். நான் வார்டு ஜன்னலில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். நாலு தடவை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்."

எங்கேயோ தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அதேதான் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, கம்பியிலிருந்த அம்மாவின் கடிதங்களை எல்லாம் உருவி எடுத்தேன். ஒன்றில்கூட தீபாவளிக்கு வருகிறேன் என்று இல்லை. கார்த்திகை என்ற சொல்லே இல்லை. பாப்பாவைக் கூட்டி வாருங்கள் என்று நான்கு கடிதங்களில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தை தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். "இன்னா எழுதிக்கீறா உங்கம்மா?" என்றாள். நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்காளாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்பாவிடம் நான் கற்றுக்கொண்டது எழுத்து மட்டும் இல்லையோ என்னவோ.

பழைய கடிதங்களை அப்பா வருவதற்குள் கம்பியில் குத்திவிட்டேன். வந்ததும் கிழித்த கடிதத்தைப் பார்த்தார். "யார் பிரிச்சது?" என்றார். "நான்தான்" என்றேன். "படிச்சியா?" என்று கேட்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரிந்தது கதைப் புத்தகத்தின் கொட்டை எழுத்துதான், கையெழுத்தில் எழுதிய கடிதம் எனக்கு ஏறாது என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். எதிரில் உட்கார்ந்து, "அம்மா நல்லா கீறாளாம். பாப்பா அழக் கூடாதுன்னு எழுதிக்கீறா" என்று படித்துக் காட்டினார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நான் அவரைக் கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு அந்தச் சட்டம் தெரியும். இரண்டு நாள். இரண்டு நாளுக்குள் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, உள்ளதைச் சொல்லிவிடுவார். ஊருக்கெல்லாம் சொன்னவர் எனக்குச் சொல்லமாட்டாரா? ஞாயிற்றுக்கிழமை என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போய் அந்த கேட்டுக்கு வெளியே நிறுத்துவார். நான் எந்த ஜன்னல் என்று தேடாமல் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இரண்டு நாள் போனது. ஒரு வாரம் போனது. தினமும் கதை படித்தோம். விரல் வரிக்குக் கீழே நகர்ந்தது, சூப்பர்வைசர் குரலில் பூசணிக்காய் பேசியது, நான் சிரிக்கவில்லை. "இன்னா பாப்பா, ஜொரமா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், கடலை மிட்டாயோடு திரும்பி வந்தார். அதை அத்தை வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். ஏழு வயசில் ஒரு குழந்தைக்கு அவ்வளவு வைராக்கியம் வருமா என்று கேட்பவர்கள் என் அத்தையைக் கேட்க வேண்டும். "இது அப்பன விட அழுத்தம்" என்று அவள் அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்கழி பாதியில் அம்மாவை அனுப்பிவிட்டார்கள். மருந்தை வீட்டிலிருந்தே தொடரலாம், இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பாதான் போய்க் கூட்டி வந்தார். நான் வாசலிலிருந்து ஓடினேன். அம்மா இரண்டு கையையும் முன்னால் நீட்டி என்னைத் தடுத்தாள். அணைக்க நீட்டிய கை இல்லை அது. "கிட்ட வராத பாப்பா. உனக்கு பயமுன்னு தெரியும். நான் தள்ளியே இருக்கறன், நீ பயப்படாத" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் இத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்துவிட்டது. நான் அழவில்லை. உள்ளே போய் ஸ்டூலில் ஏறி, கம்பியிலிருந்து அம்மாவின் கடிதங்களை எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மேலாக இருந்த கடிதத்தைப் பிரித்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தேன்.

இங்கு நான் சுகம் என்று நான் படித்ததும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, எம்பொண்ணு படிக்குதே! த பாரு, படிக்குதே!" என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் போகும்போது எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஒரு வரி நேரம் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. பிறகுதான் நான் என்ன படிக்கிறேன் என்பது அவள் காதில் ஏறியது. "படிக்காத பாப்பா" என்றார் அப்பா. "எழுதிக்கீறதத்தான் படிக்கறேன்" என்றேன். பாப்பா என்னைக் கேட்பதே இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, அம்மாவைப் பார்த்து, "நான் தெனம் கேட்டேன். ஒனக்கு எழுதச் சொன்னேன். அப்பா எழுதல" என்றேன்.

அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். என்னைத்தான் பார்த்தார். "இவ்ளோ சீக்கிரம் படிச்சிடுவேன்னு நான் நெனைக்கலியே, பாப்பா" என்றார். தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர் சொன்னது அது. பிறகு அம்மாவிடம், "கொழந்த தெனம் அழுவுதுன்னு எழுதினா நீ பாதி மருந்துல ஓடியாந்துடுவ. அப்பிடி ஓடியாந்து செத்தவங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும். கேட்டாண்ட வந்து பாத்தா மட்டும் நீ அங்க தங்குவியா?" என்றார். "நீ இருடின்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா இருந்திருப்பன்யா. கொழந்த பேர்ல ஏன் பொய் எழுதின?" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் அப்பா கதைப் புத்தகத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "இனிமே நீயே படிப்ப" என்று வெளியே போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னோடு உட்கார்ந்து ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. தண்டனை எனக்கா அவருக்கா என்று அன்றைக்குப் புரியவில்லை. தெருக்காரர்களின் கடிதத்தை மட்டும் படித்தார். ஆனால் அப்போதிலிருந்து எழுத்து பிசகாமல், இருப்பதை இருக்கிறபடி படித்தார். இரண்டு மூன்று வீட்டில் கடிதம் கேட்டு ஓலமிட்டு அழுதார்கள். "இவரு இன்னா கல்லு மாதிரி படிக்கறாரு" என்று வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். அம்மா இரண்டு வருஷம் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டாள். எனக்குப் பயமில்லை என்று சொன்னால், "தெரியும் பாப்பா" என்பாள். தெரிந்தும் என் தலையைத் தடவ வருகிற கை பாதியில் நின்றுவிடும். ஆறு மாதம் நம்பியது அவ்வளவு சீக்கிரம் போகுமா?

அம்மா உயிரோடு இருப்பதே அந்தப் பொய்யால்தான் என்று என்னிடம் சொல்லாத ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர்கூடச் சொல்லிவிட்டார். இருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காகக் கோபம் போய்விடுமா? என்னை எல்லாரும் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அதில் எழுதியிருப்பதை மட்டும் படி என்று சொன்ன வாய்தான் ஏமாற்றியது. நான் இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். அட்டையில் எழுதியிருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. "ஒனக்குன்னே செஞ்ச வேல" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது.

போன மாதம் என் மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அவன் மூன்றாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறான். வீட்டில் எப்படிப் படிக்க வைக்கிறீர்கள் என்று பேசச் சொல்லி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பேசினேன். ஷிப்டு ஒரு சாக்கு, பத்து நிமிஷம் போதும், போனை வேறு அறையில் வையுங்கள், எதிரில் உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். பின்வரிசையில் கம்பெனி சட்டையோடு நேராக ஷிப்டிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்து, "மேடம், நான் படிக்கற கதையில ஒரு குருவி செத்துப்போவுது. எம்பொண்ணு அழுவுது. அந்த எடத்த மட்டும் மாத்திப் படிக்கலாமா?" என்றார். இந்தக் கேள்விக்கு முப்பது வருஷமாகப் பதில் வைத்திருந்தவள் நான். "மாத்தாதீங்க. எழுதியிருக்கறதையே படிங்க. அழுதா கூடவே உக்காந்து அழ உடுங்க. நீங்க இன்னிக்கு மாத்திப் படிச்சத அவ நாளைக்கே படிச்சிடுவா" என்று சொல்லி, அப்பாவின் கடிதக் கதையையும் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கை தட்டினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மாவும் கூட வந்திருந்தாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பேசாமல் வந்தாள். வல்லக்கோட்டை தாண்டியதும், "நல்லா பேசின பாப்பா. எல்லாத்தையும் சொன்ன. அன்னிக்கு உங்கப்பாவாண்ட இருந்து புஸ்தகத்த வாங்கிக்கினு போனியே, அத ஏன் சொல்லல?" என்றாள். நான் வெளியே பார்த்தேன். "அவரு பொய் எழுதினது எனக்கு. நான் எப்பவோ உட்டுட்டன். நீதான் உடல" என்றாள். ஆட்டோவில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

கூட்டத்தில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். மகனுக்கு அப்போது நாலு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்து அவருக்குப் பின்னால் நின்றேன். தோளுக்கு மேலாகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொல் சொல்லாகச் சரிபார்த்தேன். மூன்று பக்கம் படித்தார். ஒரு சொல்கூட மாற்றவில்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தார். அப்படியும் நான் கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "விடுப்பா, அவனுக்கு நான் படிச்சுக்கறேன்" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி பாப்பா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். வந்தபோதெல்லாம் பேரனுக்கு பிஸ்கட்தான் வாங்கி வந்தார்.